பேர் போட்டாச்சு

இதுல யார் பேரையும் நான் எழுதப்போறதில்ல. என் பேரையும் சேத்துத்தான். பேர் போட்டதுலயும் போடாம விட்டதுலயும் நான் பட்டது போதும்.

தேயிலைத் தோட்டத்துல பொறந்தவங்களுக்குப் "பேர்"னா என்னன்னு சொல்லத் தேவையில்ல. மத்தவங்களுக்காகச் சொல்றேன். காலையில ஆள் கணக்கெடுக்குற பெரட்டுக்களத்துல போய் நின்னு, மலைக்கு ஏறி, சொன்ன அளவுக்குக் கொழுந்து எடுத்துக் குடுத்தா, அன்னிக்கு செக்ரோல்ங்கிற சம்பளப் பதிவுல உங்களுக்கு ஒரு பேர் விழும். கொழுந்து கொறஞ்சா அரைப் பேர். பேர் விழுந்த நாள்ல நீங்க வழுக்கி விழுந்தாலும் சரி, குளவி கொட்டினாலும் சரி, தோட்டம் உங்களத் தூக்கிட்டுப் போய் வைத்தியம் பாக்கணும். பேர் இல்லாத நாள்ல விழுந்தா அது உங்க பாடு. அதனால எங்க ஆளுங்ககிட்ட "பேர் போட்டாச்சு"ன்னு சொன்னா, ஒனக்கு ஒண்ணுன்னா கேக்க ஆள் இருக்குன்னு அர்த்தம். எங்கம்மா அந்தப் பேருக்காக இருவத்தஞ்சு வருசம் மலை ஏறினவங்க. எனக்கு இந்த வார்த்தையோட கனம் தெரியாதுன்னு நான் யார்கிட்டயும் சொல்லித் தப்பிக்க முடியாது.

நான் படிச்சு, சோதனை பாஸாகி, பதுளையில ஒரு காப்புறுதிக் கம்பெனியோட, இன்சூரன்ஸ்தான், கிளையில கிளாக்கரா சேந்தேன். தொண்ணூறுகளோட நடுப்பகுதி அது. தோட்டத்து வரிசை வீடுங்க இருக்குற எங்க லயத்துல இருந்து கைப்பையும் குடையுமா ஆபீசுக்குப் போன மொதல் பொம்பளை நான்தான். தலைக்கனம் இருந்துச்சா? இல்லாம என்ன! பஸ்ஸுல கூட நிமிந்துதான் உக்காருவேன். வாயும் கொஞ்சம் நீளம். இப்பவும் அப்படித்தான், ஆனா அதுல ஒரு வார்த்தை மட்டும் நான் இப்பல்லாம் சொல்றதில்ல.

எனக்கு ஆபீஸ் விட்டா ரேடியோ. அந்தக் காலத்துல எங்க பக்கம் பாதிப் பேருக்கு அதுதான் பைத்தியம். போஸ்ட்கார்டுல விருப்பமான பாட்டை எழுதி, கீழ கேக்க விரும்புறவங்க பேரையெல்லாம் வரிசையா எழுதி, கொழும்புக்கு அனுப்புவோம். மூணு வாரம், நாலு வாரம் கழிச்சு ஒருநாள் நம்ம பேரை வாசிப்பாங்க. வாசிக்கிற அந்த ஒரு நிமிசம் இருக்கே, ஐயோ! அடுப்புல சோறு தீஞ்சாலும் திரும்பிப் பாக்க மாட்டோம். செக்ரோல்ல ஆயிரம் தடவ பேர் விழுந்தவங்களுக்கும், இந்தப் பேர் வேற. இதுக்கு மலை ஏற வேணாம்.

இப்படி ஒருத்தர் பேரை ஒருத்தர் ரேடியோவுல கேட்டுக் கேட்டே பழக்கமாச்சு. அப்புறம் கடிதம் போட ஆரம்பிச்சோம். அப்புறம் ஒரு மன்றம் மாதிரி ஒண்ணு உண்டாச்சு. மன்றம்னா பெருசா நெனைச்சிராதீங்க. பதிவு கெடையாது, சட்டதிட்டம் கெடையாது. முப்பது பேர் இருப்போம். வாத்தியார், தையல்காரம்மா, பஸ் கண்டக்டர், கொழுந்து எடுக்குறவங்க, கடையில நிக்கிறவங்க எல்லாம் கலந்து. என்னைச் செயலாளர் ஆக்கினாங்க. என் அறிவுக்காக இல்ல, ஆபீசுல தட்டச்சு மெசின் இருந்ததுக்காக. ஒரு ரப்பர் ஸ்டாம்ப் அடிச்சு வச்சிருந்தேன். அதைக் குத்துறப்போ வர்ற பெருமைய இப்ப நெனைச்சா கூசுது.

அந்த முப்பது பேர்ல ஒருத்தி லுணுகலைப் பக்கத்துத் தோட்டத்துல கொழுந்து எடுக்குற பொண்ணு. என்னைவிட நாலஞ்சு வயசு சின்னவ. புருசன் கொழும்புல ஒரு கடையில வேலை, ஒரு பொம்பளப் புள்ள. எட்டாம் வகுப்போட நின்னவதான், ஆனா கையெழுத்து இருக்கே, அச்சடிச்ச மாதிரி இருக்கும். அவ அனுப்புற கார்டுல கேக்க விரும்புறவங்க வரிசையில மொதப் பேரு எப்பவும் என்னோடது. நான் அவளுக்கு என்ன செஞ்சு கிழிச்சேன்னு கேட்டா ஒண்ணுமில்ல. அவ கடிதத்துக்கு ஒழுங்காப் பதில் போட்டேன், அவ்வளவுதான். நான் அவளைத் தங்கச்சின்னு கூப்பிடுவேன். அவளுக்கு நான் அக்கா.

ஒரு தரம் எல்லாரும் ஒரு நாள் முழுக்க ஒண்ணா இருப்போம்னு முடிவாச்சு. நேயர் சந்திப்பு. பண்டாரவளைப் பக்கம் இருக்கறவங்களுக்கும் பதுளைப் பக்கம் இருக்கறவங்களுக்கும் ரயில்ல வர வசதின்னு தெமோதரையைப் பிடிச்சோம். ஸ்டேசன்ல இருந்து நடந்து போற தூரத்துல ஒரு தோட்டத்து மண்டபம் இருந்துச்சு. நான் அனுமதி கேட்டு எழுதினேன். பதில் வந்துச்சு, கூடவே ஒரு நிபந்தனையும் வந்துச்சு. மண்டபத்துல யாருக்கு என்ன ஆனாலும் தோட்ட நிர்வாகம் பொறுப்பில்ல, கூட்டத்தை நடத்துறவங்கதான் பொறுப்பு, செயலாளர் கையெழுத்துப் போட்டு அனுப்பவும்.

நான் ஒடைஞ்ச கண்ணாடி, காணாமப் போன கதிரை நாற்காலின்னு நெனைச்சுக்கிட்டு கையெழுத்துப் போட்டேன். ஸ்டாம்ப்பும் குத்தினேன். அப்புறம்தான் அந்த "யாருக்கு என்ன ஆனாலும்" கண்ணுல பட்டுச்சு. ஆபீசுல எங்க கிளை மனேஜர்கிட்ட காட்டினேன், நாங்க பெரியவர்னுதான் சொல்றது. யாழ்ப்பாணத்து மனுசர். வருசக்கணக்கா பதுளையில இருந்தாலும் பேச்சு மாறாதவர். கண்ணாடியை மூக்குல எறக்கி வாசிச்சுட்டுச் சொன்னார்:

"பிள்ளை, இதில நீர் கையெழுத்து வைச்சிட்டீர். இனி ஆருக்கும் கால் முறிஞ்சால் உம்மட்டதான் வருவினம். ஒருநாள் கூட்டு விபத்துக் காப்புறுதி எண்டு ஒண்டிருக்கு. எடுத்து வையும்."

கட்டணமும் பெருசா இல்ல, ஆளுக்கு ஒரு பிளேன்டீயும் வடையும் ஆகுற அளவுதான். வேண்டியது பேர்ப் பட்டியல். ஒவ்வொரு பேருக்கும் நேரா அடையாள அட்டை நம்பர். பட்டியல்ல பேர் இருக்கறவங்களுக்கு அன்னிக்கு ஒருநாள் என்ன ஆனாலும் கம்பெனி பொறுப்பு. பேர் இல்லாதவங்களுக்கு ஒண்ணுமில்ல.

நான் எல்லாருக்கும் கடிதம் போட்டு நம்பர் கேட்டேன். என்னோடதையும் சேத்து இருவத்தொன்பது பேரோட நம்பர் வந்துருச்சு. லுணுகலைத் தங்கச்சி மட்டும் எழுதியிருந்தா: "அக்கா, எனக்கு இன்னும் ஐடென்டி கெடைக்கல. பொறப்புச் சான்றிதழ்ல அப்பா பேரு பெழையா இருக்குன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. என்னைச் சேப்பீங்களா?"

இதுல அதிசயம் ஒண்ணுமில்ல. அப்போ தோட்டத்துல அட்டை இல்லாத ஆளுங்க எத்தனையோ பேர். நான் பெரியவர்கிட்ட கேட்டேன். அவர் யோசிக்கக்கூட இல்ல.

"அதுக்கென்ன, தோட்டத்து மனேஜர் துரையிட்ட, இன்னார் எங்கட தோட்டத்து ஆள்தான் எண்டு படம் ஒட்டின கடிதம் ஒண்டு வாங்கி இணைச்சால் போதும். கடிதம் இல்லாமல் பேர் போடேலாது."

ஒரு கடிதம். அவ்வளவுதான். நான் அவளுக்கு ரெண்டு வரி எழுதியிருந்தா அவ வாங்கி அனுப்பியிருப்பா. இல்லாட்டி ஒரு ஞாயித்துக்கெழம பஸ்ஸேறி லுணுகலைக்குப் போயிருந்தா கையோட வாங்கிட்டு வந்திருப்பேன். கையில முழுசா பத்து நாள் இருந்துச்சு. அந்தப் பத்து நாளும் நான் என்ன செஞ்சேன் தெரியுமா? மினுமினுப்புக் கடதாசி வாங்கி, "நேயர் சந்திப்பு"ன்னு எழுத்து வெட்டி, துணியில ஒட்டிக்கிட்டு இருந்தேன். "ச"வோட வளைவு சரியா வரலன்னு மூணு தரம் வெட்டினேன். கடிதத்தை நாளைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம்னு விட்டேன். கடைசியில பட்டியலை அனுப்ப வேண்டிய நாள் வந்துச்சு, இருவத்தொன்பது பேரோட அனுப்பிட்டேன். ஒருத்திதானே, அவளுக்குன்னு பாத்து என்ன ஆகப்போகுதுன்னு நெனைச்சேன். இந்த நெனைப்பை எத்தனை தரம் எனக்குள்ள திருப்பிப் பாத்திருப்பேன், ஒவ்வொரு தரமும் அது அதே அசிங்கத்தோடதான் நிக்குது.

அன்னிக்குக் காலையில தெமோதரை ஸ்டேசன்ல எறங்குறப்போ நல்ல தூறல். அவ விடிய முன்னமே பஸ் பிடிச்சு, பதுளையில ரயிலுக்கு மாறி வந்திருந்தா. கத்தரிப்பூக் கலர் சேலை. கையில ஒரு துணிப்பை. நான் பிடிச்சிருந்த எழுத்து ஒட்டின துணியைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. அதுவரைக்கும் நாங்க நேர்ல பாத்ததில்ல.

"அக்கா, நீங்க ரேடியோவுல வர்ற பேரை விடக் குட்டையா இருக்கீங்க!"

"நீ மட்டும் என்ன பனைமரமா?" ன்னேன். சிரிச்சா. மேல்வரிசையில ஒரு பல்லு தள்ளியிருக்கும், சிரிக்கறப்போ கையால மறைப்பா.

மண்டபத்துக்கு நடந்து போறப்போ நான் எல்லாருக்கும் கேக்குற மாதிரி பெருமையடிச்சேன். "இன்னிக்கு யாரும் பயப்படாதீங்க. விழுந்தாலும் எழும்பினாலும் எங்க கம்பெனி பாத்துக்கும். எல்லாருக்கும் காப்புறுதி எடுத்தாச்சு!" எல்லாரும் ஓன்னு கை தட்டினாங்க. அவ என் பக்கத்துலயே வந்துக்கிட்டு இருந்தா. மெதுவா கேட்டா:

"அக்கா, என் பேரும் போட்டீங்களா?"

இந்த எடத்துலதான் நான் நின்னிருக்கணும். "இல்ல தங்கச்சி, ஒன் பேரைப் போட முடியல, நான்தான் அசந்துட்டேன்"னு சொல்லியிருக்கணும். எல்லாரும் பாத்துக்கிட்டு இருந்தாங்க. அப்பத்தான் கை தட்டு வாங்கியிருந்தேன். அன்னிக்கு வந்தவங்க பேரை எழுதி வைக்க ஒரு கொப்பி கொண்டு போயிருந்தேன், அதுல அவ பேரை ஸ்டேசன்லயே எழுதியிருந்தேன். அந்தக் கொப்பிய மனசுல வச்சுக்கிட்டு, வாய் கூசாம சொன்னேன்:

"போட்டாச்சு, போட்டாச்சு."

அவ மொகத்தைப் பாக்கணுமே. நான் கொப்பியச் சொன்னேன். அவளுக்குக் கேட்டது செக்ரோல். பேர் போட்டாச்சுன்னா தோட்டத்துப் பொம்பளை அதை எப்படி எடுத்துக்குவான்னு எனக்கா தெரியாது? தெரிஞ்சுதான் சொன்னேன். பொய்யும் இல்ல, நெசமும் இல்லங்கிற மாதிரி ஒரு வார்த்தை கையில கெடைச்சுச்சு, எடுத்து வீசிட்டேன்.

மத்தியானம் சாப்பாடு முடிஞ்சு வெளையாட்டு. சங்கீதக் கதிரை. மண்டபத்துல இருந்த மடக்குக் கதிரைங்களை வட்டமாப் போட்டோம். கேசட் பெட்டிக்குப் பக்கத்துல நான். பாட்டு ஓடும், நிறுத்துவேன், எல்லாரும் விழுந்தடிச்சு உக்காருவாங்க. வயசு வித்தியாசம் இல்லாம எல்லாரும் வந்தாங்க. அவ மட்டும் சொவரோரமா நின்னுக்கிட்டு இருந்தா.

"என்னடி, நீ வரலையா?"

"வேணாம்க்கா. விழுந்து கிழுந்து கையில பட்டா எனக்குப் பொழப்பே போயிரும். கொழுந்து எடுக்குற கை."

அப்ப நான் சொன்னேன். அந்த வார்த்தையை அப்படியே எழுதுறேன், மாத்தாம எழுதுறேன்:

"அதான் பேர் போட்டிருக்குல்ல, பயந்தாங்கொள்ளி! வந்து ஆடு!"

வந்தா. சேலையை இடுப்புல செருகிக்கிட்டு வந்தா. அப்படி ஒரு வேகம். மலையில ஓடி எறங்குற காலு அது, எங்களால ஈடு குடுக்க முடியுமா? ஒவ்வொரு கதிரையா எடுக்க எடுக்க, அவளும் பண்டாரவளைத் தையல்காரம்மாவும் ஒரே ஒரு கதிரையும் மிஞ்சினாங்க. வெளிய தூறல். எல்லாரும் உள்ளயும் வெளியயும் நடந்து செவப்புச் சீமெந்துத் தரை ஈரமாக் கெடந்துச்சு. அதைத் தொடைக்கணும்னு எனக்குத் தோணல. பாட்டை நிறுத்தினேன். ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்தாங்க. கதிரை மடங்கிருச்சு. தையல்காரம்மா அவ மேல விழுந்தாங்க. அவ வலது கையை ஊணிக்கிட்டுக் கீழ விழுந்தா.

மொதல்ல எல்லாரும் சிரிச்சோம். நானும்தான் சிரிச்சேன். அவ எழும்பாம கையைத் தூக்கிப் பாத்துக்கிட்டு இருந்தா. மணிக்கட்டு வேற பக்கம் திரும்பியிருந்துச்சு.

ஒரு த்ரீவீலைப் பிடிச்சு பதுளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழியெல்லாம் அவ அழல. பல்லைக் கடிச்சுக்கிட்டு, "பேர் போட்டது நல்லதாப் போச்சுக்கா"ன்னா. ஆஸ்பத்திரியில துண்டு எழுதுறவர் அடையாள அட்டை கேட்டார். "பையில ஒரு கடிதம் இருக்கு, எடுத்துக் காட்டுங்கக்கா"ன்னு சொன்னா. துணிப்பையில ஒரு சீப்பு, புள்ளைக்கு வாங்கின தோடம்பழ இனிப்பு, அதுக்கடியில ஒரு பொலித்தீன் பை. உள்ள நாலா மடிச்ச கடிதம். தோட்டத்துத் தொரை கையெழுத்து, தோட்டத்து சீல், மூலையில அவ படம் ஒட்டியிருந்துச்சு. இன்னார் எங்க தோட்டத்துத் தொழிலாளி.

அந்த நாள்ல அட்டை இல்லாம வெளிய போனா வழியில ஆமியோ பொலிசோ மறிச்சா பதில் சொல்லணுமே, அதுக்காக எப்பவும் கூடவே வச்சிருந்த கடிதம். தேதியைப் பாத்தேன். மூணு மாசத்துக்கு முன்னால எழுதினது. பெரியவர் கேட்ட கடிதம், நான் பத்து நாளா வாங்காத கடிதம், அவ பையிலயேதான் இருந்திருக்கு. கேட்டிருந்தா தபால்ல போட்டிருப்பா. அங்க கெடந்த வாங்குல, பெஞ்சுலதான், உக்காந்து அதை மடிக்கத் தெரியாம மடிச்சேன்.

பிளாஸ்டர் போட்டாங்க. மாசம் ஒரு தரம் கிளினிக். ஒவ்வொரு கிளினிக்கும் முடிய, அவ நேரா எங்க ஆபீசுக்கு வருவா. வாசல்ல ஒரு வாங்கு இருக்கும், அதுல உக்காந்திருப்பா. என் வேலையைக் கெடுக்கக் கூடாதுன்னு கூப்பிடக்கூட மாட்டா. நான் எழும்பிப் போனா, "ஏதாச்சும் வந்துச்சாக்கா?"ன்னு மட்டும் கேப்பா.

மொதத் தரம் உண்மையைச் சொல்லணும்னுதான் எழும்பிப் போனேன். சத்தியமாச் சொல்றேன். ஆனா அவ, "எங்க தலைவர் வந்தாருக்கா"ன்னு ஆரம்பிச்சா. தோட்டத்துல சங்கத் தலைவர் அவ கையைப் பாத்துட்டு, பிள்ளைக் காம்பராவுல, அதான் மலைக்குப் போறவங்க கைக்குழந்தைய விட்டுட்டுப் போற எடத்துல, ஆயாவுக்கு ஒத்தாசையா ஒரு வேலை இருக்கு, தொரைகிட்ட பேசி அதை வாங்கித் தரவான்னு கேட்டாராம். "வேணாம் தலைவரே, எனக்குக் காப்புறுதி இருக்கு, அதுவரைக்கும் சமாளிச்சு, கை நல்லாகி மலைக்கே போயிருவேன்னு சொல்லிட்டேன்க்கா. அந்த வேலையை இல்லாதவங்க யாராச்சும் எடுத்துக்கட்டும்"னா.

இதைக் கேட்டப்புறமாவது சொல்லியிருக்கணும். அன்னிக்குச் சொல்லியிருந்தா அவ சாயங்காலமே தலைவர் வீட்டுக்கு ஓடியிருப்பா. அந்த வேலை கெடைச்சிருக்கும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் என் வாய் இதைத்தான் சொல்லுச்சு:

"கொழும்புக்கு அனுப்பியிருக்கு. அங்கதான் லேட்டாகுது போல. அடுத்த மாசம் வந்து பாரு."

எங்க ஆபீசுல எல்லாரும் எல்லாருக்கும் சொல்ற வார்த்தைதான் அது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்து வர்ற எந்தக் கேள்விக்கும் அது பதிலாகும். அவ தலையாட்டிட்டு எழும்பிப் போனா. போறப்போ "தேங்ஸ்க்கா"ன்னா. அடிப் பாவி, எதுக்குடி தேங்ஸ்!

ரெண்டாவது மாசமும் அதையே சொன்னேன். மூணாவது மாசமும் சொன்னேன். அவ வர்ற நாள்ல புள்ளைக்குன்னு பால் பவுடர், நாங்க பால்மான்னு சொல்றது, ஒரு பக்கெட்டும் பிஸ்கட்டும் வாங்கி வச்சுக் குடுப்பேன். அவ அதை நான் பாசத்துல குடுக்குறேன்னு நெனைச்சா. மன்றத்து ஆளுங்க கேட்டப்பவும் அதே கொழும்புதான். நான் எதுக்குப் பயந்தேன்னு கேட்டீங்கன்னா, வேலை போயிரும்னும் இல்ல, அவ என் மேல வழக்குப் போடுவான்னும் இல்ல. பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டவ நான்தான், சட்டப்படி பாத்தாலும் என் தலைமேலதான் விடிஞ்சிருக்கும், ஆனா அவளுக்கு அந்தத் தாள் இருக்கறதே தெரியாது. நான் பயந்தது ஒண்ணுக்குத்தான். அவ கார்டுல மொதப் பேரா இருக்குற அக்கா நான் இல்லன்னு அவளுக்குத் தெரிஞ்சிரும்னு.

பிளாஸ்டரை வெட்டினாங்க. எலும்பு சேந்துருச்சு, ஆனா மணிக்கட்டு முழுசா மடங்கல. பேனா பிடிக்கலாம், ரொட்டி சுடலாம். கொழுந்து எடுக்கணும்னா ரெண்டு கையும் ஒண்ணாப் பறக்கணுமே. பிள்ளைக் காம்பரா வேலைக்கு வேற ஆள் சேந்தாச்சு. அவ மலைக்கே போனா. நாலாவது மாசம் வாங்குல உக்காந்துக்கிட்டு அதைச் சும்மா சிரிச்ச மாதிரிதான் சொன்னா:

"இப்பல்லாம் தெனமும் அரைப் பேர்தான்க்கா. எம் பேரு பாதியாப் போயிருச்சு."

பல்லை மறைக்க அவ கை மேல போகல. எடது கையில கிளினிக் கொப்பி இருந்துச்சு, வலது கையைத் தூக்க நோவா இருந்திருக்கும். நான் பால்மா பக்கெட்டை எடுத்து அவ பைக்குள்ள போட்டேன். அன்னிக்கும் சொல்லல.

அஞ்சாவது மாசம் அவ வந்த நாள்ல நான் லீவு. காய்ச்சல். மறுநாள் ஆபீசுக்குப் போனதும் பெரியவர் கூப்பிட்டார். சத்தம் போடல. அவர் சத்தம் போட்டிருந்தா எனக்குக் கொஞ்சம் லேசா இருந்திருக்கும்.

"நேற்று அந்த லுணுகலைப் பிள்ளை வந்தது. கன நேரமா இருந்ததால நான் கூப்பிட்டுக் கேட்டன். ஃபைலை எடுத்துப் பாத்தால் லிஸ்டில அந்தப் பேரே இல்லை. இல்லையே பிள்ளை எண்டன். கடிதம் ஒண்டு போதுமெண்டு உமக்குச் சொன்னனான் எல்லே?"

"சொன்னீங்க ஐயா."

"பிறகேன் அந்தப் பிள்ளையை அஞ்சு மாசமா அலைக்கழிச்சனீர்?"

அவ என்ன சொன்னான்னு மட்டும் கேட்டேன்.

"ஒண்டும் சொல்லேல்லை. லிஸ்டை ஒருக்காப் பாக்கலாமோ எண்டு கேட்டது. குடுத்தன். மேலயிருந்து கீழ வரைக்கும் விரல் வைச்சு வாசிச்சது. சரிங்க ஐயா எண்டிட்டுப் போய்ட்டுது."

அந்த விரலை நான் பாக்கல. ஆனா அது இருவத்தொன்பது பேர் மேலயும் ஊர்ந்து போறது இன்னிக்கும் என் கண்ணுக்குள்ள இருக்கு. பட்டியல்ல மொதப் பேரு என்னோடதுதான். செயலாளர் ஆச்சே.

அந்த வாரமே ஓடியிருக்கணும். ஓடல. என்ன மொகத்தை வச்சுக்கிட்டுப் போறது, என்ன சொல்றதுன்னு நாளைத் தள்ளினேன். நாளைத் தள்ளுறதுதான் எனக்குக் கைவந்த கலையாச்சே. அடுத்த கிளினிக்குக்கு அவ ஆபீஸ் பக்கம் வரல. வாங்கு காலியா இருந்துச்சு.

ஒரு மாசம் கழிஞ்சிருக்கும். ஞாயித்துக்கெழம, அம்மாவும் நானும் வீட்டுல. அம்மா அப்போ என்கூடத்தான் பதுளையில இருந்தாங்க. ரேடியோவுல அவ கார்டு வந்துச்சு. எழுதினவங்க பேரை வாசிச்சதும் சத்தத்தைக் கூட்டினேன். பாட்டைச் சொன்னாங்க. கேக்க விரும்புறவங்க பேரை வாசிக்க ஆரம்பிச்சாங்க. மொதப் பேரு பண்டாரவளைத் தையல்காரம்மா. அப்புறம் கண்டக்டர். அப்புறம் வாத்தியார். ஒவ்வொரு பேரா வருது, வருது. மன்றத்துல ஒருத்தரையும் விடல. அவ மேல விழுந்த தையல்காரம்மாவத் தலைமேல வச்சிருந்தா. கடைசியில அவ புள்ளை பேரு, அவ பேரு. பாட்டு ஆரம்பிச்சிருச்சு.

"என்னடி, ஒம் பேரைக் காணோம்?"ன்னாங்க அம்மா. "அவசரத்துல வாசிக்காம விட்டுட்டாங்க போல."

"ஆமாம்மா. இருக்கும்"னேன். எழும்பிப் போய் மொகத்தைக் கழுவினேன். எங்கம்மாகிட்ட கூட நான் அதுவரைக்கும் சொல்லல.

அடுத்த ஞாயித்துக்கெழம லுணுகலை பஸ் ஏறிட்டேன். அந்தப் பத்து நாள்ல நான் ஏறாம விட்ட அதே பஸ். பஸ்ஸுல என்ன சொல்லணும்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டே போனேன். தங்கச்சி, தப்பு என்னோடது. நான் பேர் போடல. நான் ஒனக்குப் பொய் சொன்னேன். அந்த வேலை போனதும் என்னாலதான். இவ்வளவுதான், நாலு வரி.

தோட்டத்துக்குப் போக வேண்டியிருக்கல. கடைவீதியிலேயே அவ நின்னா. சாமான் வாங்கிட்டு, தோட்டத்து பஸ்ஸுக்காகக் காத்துக்கிட்டு இருந்தா. அதே துணிப்பை, எடது தோள்ல. வலது கையில புள்ளையோட கை. என்னைக் கண்டா. ஓடி வரல, ஒளியவும் இல்ல. நான் பக்கத்துல போற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னா.

"வாங்கக்கா"ன்னா. நம்ம சனம், யாரா இருந்தாலும் மொதல்ல அதைச் சொல்லிரும்.

"நல்லா இருக்கியா தங்கச்சி? கை எப்படி?"

"இருக்குக்கா."

நாலு வரியையும் வாய்க்குள்ள உருட்டினேன். வெளிய வந்தது என்ன தெரியுமா? என் வாய்ல கொள்ளிய வைக்க. சிரிச்சுக்கிட்டே, ஒண்ணும் நடக்காத மாதிரி:

"ரேடியோவுல ஒன் கார்டைக் கேட்டேன். எல்லார் பேரும் வந்துச்சே, அக்கா பேரைப் போட மறந்துட்டியா?"

அவ கோவமா இருந்திருந்தா நான் தாங்கியிருப்பேன். கோவம் இல்ல. சிரிப்பும் இல்ல, அந்தத் தள்ளுன பல்லு தெரியல. அப்புறம் ரொம்ப மரியாதையா, மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கற ஆள்கிட்ட சொல்ற மாதிரி நிதானமாச் சொன்னா:

"போட்டாச்சுக்கா, போட்டாச்சு. கொழும்புக்கு அனுப்பியிருக்கு. அங்கதான் லேட்டாகுது போல. அடுத்த மாசம் கேட்டுப் பாருங்க."

பஸ் வந்துச்சு. புள்ளையை எடது கையால தூக்கிப் படியில ஏத்திட்டு அவளும் ஏறினா. பஸ் திரும்பிப் போற வரைக்கும் நான் கடை வாசல்லயே நின்னேன். அவளுக்குன்னு வாங்கிட்டுப் போன பால்மா பக்கெட் கையிலயே இருந்துச்சு.

அடுத்த மாசம் அந்த நிகழ்ச்சி வர்ற நேரத்துக்கு ரேடியோவப் போட்டுட்டு உக்காந்தேன். அதுக்கு அடுத்த மாசமும் உக்காந்தேன்.